கடைசி ஆசனம்

எனக்குக் கோபம் மூக்கு மேலதான் நிக்கும். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. "ஊருக்கெல்லாம் மூச்சை அடக்கச் சொல்லித் தர்றியே, உன் வாயை அடக்க யாருகிட்டப் படிக்கப் போறே?"ன்னு என் வீட்டுக்காரர் அடிக்கடி கேப்பார். நியாயமான கேள்விதான். நான் இன்னைக்கு வரைக்கும் பதில் சொன்னதில்லை.

நாங்க நெசவுக்காரக் குடும்பம். வீட்டுக்குள்ள சௌராஷ்டிரம் பேசுவோம், வாசப்படி தாண்டினா மதுரைத் தமிழ். தறியில உக்காந்து உக்காந்து முதுகு போனவங்க எங்க தெருவுல வீட்டுக்கு ரெண்டு பேரு. என் முதுகும் முப்பது வயசுலயே மக்கர் பண்ணுச்சு. அதுக்குன்னு கத்துக்கிட்டதுதான் யோகா. பிறகு அதுவே பிழைப்பாகி, தெருப் பொம்பளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்து, இருபது வருஷம் ஓடிப் போச்சு.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி, கிராமங்கள்ல சாயங்கால வகுப்பு நடத்துற ஒரு அமைப்புல இருந்து என்னைக் கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட பதினாலு பேரு இருந்தாங்க. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகளுக்கு அவங்கவங்க ஊர்லயே பாடம் சொல்லித் தர்றவங்க. "இவங்களுக்கு நீங்க யோகா கத்துக் குடுங்க, இவங்க பிள்ளைகளுக்குக் கத்துக் குடுப்பாங்க"ன்னாங்க. சரின்னுட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை, சிம்மக்கல்லுல ஒரு மொத்த வெல்லக் கடையோட மாடியில வகுப்பு. கீழ மூட்டை இறக்குறவங்க போடுற சத்தம், மேல நாங்க கண்ணை மூடி அமைதி. வெல்ல வாசனைக்குப் பத்து மணிக்கே பாதிப் பேருக்குப் பசி எடுத்துரும்.

அவங்களுக்காக நானே ஒரு கையேடு எழுதினேன். முப்பது பக்கம். ஆசனத்தோட பேரு, பேருக்கு அர்த்தம், எப்படிச் செய்யணும், எம்புட்டு நேரம் செய்யணும், எல்லாம் இருக்கும். ஜெராக்ஸ் போட்டு, பின் அடிச்சு, ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். அதுல எனக்கு ஏகப்பட்ட பெருமை. "இதுல இருக்கிறதை ஒரு எழுத்து மாத்தாமச் சொல்லணும். சொந்தச் சரக்கு ஒண்ணும் வேண்டாம்"னு முதல் நாளே சொல்லிட்டேன்.

சொன்னதைக் கேக்குறதுல அந்தப் பதினாலு பேரையும் அடிச்சுக்க முடியாது. ஒரு நாள் ஒரு பையனை எழுப்பி, மத்தவங்களைப் பிள்ளைகளா நினைச்சு வகுப்பெடுக்கச் சொன்னேன். நல்ல உசரமான பையன், குரலும் கணீர்னு இருக்கும். "எல்லாரும் மூச்சை நல்லா உள்ள இழுங்க"ன்னான். இழுத்தாங்க. அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்னுச்சு. "மாப்ள, அந்த சுவிட்சைப் பாரு"ன்னு ஜன்னல் பக்கம் போனவன், அங்க இருந்தவன்கூட ஒயரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டான். "விடுங்க"ன்னு சொல்ல மறந்தே போச்சு. நான் திரும்பிப் பார்த்தா, மத்தவங்க ஒருத்தரும் மூச்சை விடலை. கன்னமெல்லாம் உப்பி, கண்ணு பிதுங்கி, மூஞ்சி செவந்து உக்காந்திருக்காங்க. "அடப் பாவிகளா, விட்டுத் தொலைங்கப்பா!"ன்னு நான் கத்தினதும் புஸ்ஸுன்னு விட்டாங்க பாருங்க, கீழ வெல்லக் கடைக்காரர் என்னமோ ஏதோன்னு மாடிப்படியில பாதி ஏறி வந்துட்டார். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இன்னும் வயித்துல இருக்கு.

இந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு. திருமங்கலத்துக்கு அங்கிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போற ஊரு. நான் வந்து கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே வந்து படியில உக்காந்திருப்பா. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டா. இது பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்க்கப் போகுதுன்னு எனக்குச் சந்தேகம். ஒரு தடவை பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து இருபது பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து ஆளுக்குக் கால் மணி நேரம் நடத்தச் சொன்னேன். மத்தவங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாங்க. இவ போய் நடுவுல உக்காந்தா, மெதுவா ரெண்டு கையைத் தூக்கினா. அம்புட்டுத்தான். இருபதும் கையைத் தூக்கிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள உச்சி குளிர்ந்து போச்சு. வெளிய காட்டிக்கலை, "முதுகை நேரா வை"ன்னு மட்டும் சொன்னேன்.

பயிற்சியோட கடைசி ஆசனம் சவாசனம். மல்லாக்கப் படுத்து, கையைக் காலை அகட்டிப் போட்டு, கண்ணை மூடி அசையாம கிடக்கிறது. கையேட்டுலயும் அதுதான் கடைசிப் பக்கம். "சவம் என்றால் பிணம். பிணத்தைப் போல அசையாமல் கிடப்பதால் இந்தப் பெயர். பிள்ளைகளுக்கு அர்த்தத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்கவும்"னு எழுதியிருந்தேன். நான் அதை வாசிச்சு முடிச்சதும் அந்தப் பொண்ணு எந்திரிச்சா. அவ தானா எந்திரிச்சு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"டீச்சர், எங்க ஊர்ல இதுக்கு மட்டும் வேற பேரு சொல்லிக்கிடவா?"

ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. அன்னைக்கு வீட்டுல வேற சண்டை, தலைவலி வேற. "ஏம்மா, ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற பேரு, உங்க அப்பன் வீட்டுச் சொத்தா, நீ நினைச்சா மாத்துறதுக்கு?"ன்னுட்டேன். பதிமூணு பேரு முன்னாடி. அவ "சரிங்க டீச்சர்"னு உக்காந்துட்டா. எனக்கு அது அத்தோட மறந்தும் போச்சு.

பயிற்சி முடிஞ்சு ஒரு மாசம் அவங்கவங்க ஊர்ல வகுப்பு நடத்தணும். மாசக் கடைசியில நான் நேர்ல போய்ப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அவங்களுக்கு அந்த வேலை நிலைக்கும். இந்தப் பொண்ணுக்கு அந்தக் கையெழுத்து ரொம்ப முக்கியம். திருமங்கலத்துல ஒரு ஜவுளிக் கடையில அவளுக்கு அவ அத்தை வேலை பார்த்து வச்சிருந்தாங்க. காலையில போனா ராத்திரிதான் வரணும். சாயங்கால வகுப்பை மூட்டை கட்டிற வேண்டியதுதான். வகுப்பு நிலைச்சுட்டா கடைக்குப் போக வேண்டாம்னு அவங்க அப்பாகிட்டப் பேசி வச்சிருந்தா. போன்ல சொன்னா: "டீச்சர், இருபத்தாறு பிள்ளைக வாராக. மழை பெஞ்சன்னைக்குக்கூட வந்துட்டாக." அவ குரல்ல அம்புட்டுச் சந்தோஷத்தை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லை.

மூணாவது வாரம் அவகிட்ட இருந்து போன். "டீச்சர், வகுப்பு நின்னு போச்சு. நீங்க வர வேண்டாம்." அழுறாளா இல்லையான்னு தெரியலை.

தோண்டித் துருவிக் கேட்டப்புறம் விஷயம் வந்துச்சு. கையேட்டுல உள்ளபடியே, ஒரு எழுத்து மாத்தாம, சவாசனம் சொல்லிக் கொடுத்திருக்கா. சவம்னா பிணம், பிணம் மாதிரி அசையாமக் கிடக்கணும்னு. பிள்ளைகளுக்கு அந்த ஆசனம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எம்புட்டுப் பிடிச்சுப் போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தெருவுல அதையே விளையாட ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தனைப் படுக்கப் போட்டு, கால் கட்டை விரல் ரெண்டையும் ரிப்பனால கட்டி, நெத்தியில ஒத்த ரூபாய வச்சு, வாயில மண்ணை வாய்க்கரிசியாப் போட்டிருக்காங்க. நாலு பொம்பளைப் பிள்ளைக மாருல அடிச்சு ஒப்பாரி. ரெண்டு பயலுக தகரத் தட்டை வச்சுக்கிட்டு டண்டணக்கா. நல்லா நடந்துக்கிட்டிருக்கும்போது அந்தப் பக்கமா வந்தவரு அந்தப் பொண்ணோட அப்பா.

அவர் ஒரு சத்தமும் போடலை. ரூபாயை எடுத்தார், ரிப்பனை அவுத்தார், பையனைத் தூக்கி நிக்க வச்சார். நேரா போய் வகுப்பு நடக்குற சமுதாயக் கூடத்தைப் பூட்டிட்டார். அந்தக் கூடத்துச் சாவி எப்பவும் அவர்கிட்டதான். ஊர்ல ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. மகள்கிட்ட அன்னையில இருந்து ஒரு வார்த்தை பேசலை. நாலு நாளாச்சு.

எனக்கு என்ன வந்துச்சு? கோபம்தான் வந்துச்சு! பிள்ளைக விளையாட்டுக்கு வகுப்பை மூடுவாங்களா, இது என்ன கூத்துன்னு. அந்த மனுஷனுக்கு யோகா சாஸ்திரத்தை எடுத்துச் சொல்லிட்டு வந்துரணும்னு கையேட்டைப் பையில போட்டுக்கிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். திருமங்கலம் வரைக்கும் என்ன பேசணும்னு வரிசையா மனசுக்குள்ள பேசிப் பார்த்துக்கிட்டே போனேன்.

அவர் வீட்டு முன்னாடி வேப்பமரத்தடியில நாற்காலி போட்டாங்க. அவருக்கும் என் வயசுதான் இருக்கும். வயல்ல இருந்து வந்து கால் கழுவிட்டு, ஈரக் காலோட எதிர்ல வந்து உக்காந்தார். பொண்ணு காப்பி கொண்டாந்து வச்சுட்டு நிலைப்படியில நின்னா. அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை. நான் ஆரம்பிச்சேன். சவாசனம்னா உடம்புக்கு ஓய்வு, மனசுக்கு ஓய்வு, பேர்ல ஒண்ணும் இல்லை, உலகம் பூராவும் இப்படித்தான் சொல்றாங்கன்னு மூச்சு விடாமப் பேசினேன். அவர் முழுசும் கேட்டார்.

கேட்டுட்டு மெதுவாச் சொன்னார்: "டீச்சரம்மா, எங்க அய்யா பறை அடிச்சவரு. அவருக்குப் பிறகு நானும் பதினஞ்சு வருஷம் அடிச்சேன். மேல்சாதிக்காரங்க தெருவுல ஒரு சாவு விழுந்தா, கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தாலும் கையைக் கழுவிட்டு ஓடணும். சேதி சொல்லப் போகணும், குழி வெட்டணும், கால் விரலைக் கட்டணும், காடு வரைக்கும் முன்னாடி அடிச்சுக்கிட்டே போகணும். இவ பிறந்த அன்னைக்குக்கூட நான் சுடுகாட்டுலதான் நின்னேன். இனிமே வர மாட்டேன்னு சொல்லி, அதுக்குப் பட வேண்டியதெல்லாம் பட்டு, நிலத்தைக் குத்தகைக்குப் பிடிச்சு இவளைப் படிக்க வச்சேன். எங்க தெருப் பிள்ளைகளுக்குப் பொணத்து வாடையே தெரியக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப நான் பெத்த மகளே பிள்ளைகளைப் பொணமாப் படுங்கன்னு சொல்லிக் குடுக்குறா. அந்தப் பயலுக தட்டுல அடிச்ச அடி இருக்கே, அது எங்க அய்யா அடிச்ச அடி. எங்க கத்துக்கிட்டாய்ங்கன்னு தெரியலை."

எங்க வீடுகள்லயும் சாவு விழுந்திருக்கு. நாங்க அழுவோம். மத்த வேலைக்கு ஆளு வருவாங்க. வர்ற ஆளு யாரு, அவங்க வீட்டுல அந்த நேரம் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு ஐம்பது வயசு வரைக்கும் நான் ஒரு தடவை நினைச்சதில்லை. அம்புட்டுப் படிச்சு, அர்த்தம் வேற எழுதியிருக்கேன், புத்தகத்துல.

அப்பத்தான் அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்துச்சு. அப்பன் வீட்டுச் சொத்தான்னு நான் கேட்டது. யாத்தே, அந்த இடத்துலயே பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. நிலைப்படியில நிக்கிற பொண்ணைப் பார்த்தேன். வந்ததுல இருந்து அவ வாயைத் திறக்கலை. நினைச்சிருந்தா அவங்க அப்பாகிட்ட, "நான் கேட்டேன்ப்பா, டீச்சர்தான் விடலை"ன்னு ஒரு வரியில என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். இத்தனை நாள் பேச்சு இல்லாமக் கிடந்திருக்கா, சொல்லலையே.

"அண்ணே, உங்க மகள் மேல குத்தம் இல்லை. இந்தப் பேரு வேண்டாம்னு அவ எங்கிட்டக் கேட்டா. எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சுக் கேட்டா. நான்தான் திமிராப் பேசி வாயை அடைச்சு உக்கார வச்சேன். என்ன பேசினேன்னு உங்ககிட்டச் சொல்லக்கூட எனக்குக் கூசுது"ன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மன்னிச்சிருங்கன்னு அவர்கிட்ட ஒரு தடவையும், அந்தப் பொண்ணைப் பார்த்து ஒரு தடவையும் சொன்னேன். அவ பதறிப் போய், "ஐயையோ டீச்சர்"னு கிட்ட வந்துட்டா.

"கேட்டாளா?"ன்னார் அவர். எங்கிட்டத்தான் கேட்டார்.

"கேட்டாண்ணே."

அவர் எந்திரிச்சு, இடுப்புல இருந்து சாவியை எடுத்துக்கிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் நடத்தட்டும். நான் நின்னு பார்க்குறேன். அதுக்கு மேல என்னன்னு பெறகு சொல்றேன்"னு கூடத்தைப் பார்த்து நடந்தார்.

கூடம் திறந்துருச்சுன்னு தெரிஞ்சு கால் மணி நேரத்துல பிள்ளைக எங்க இருந்துதான் வந்துச்சுகளோ. எண்ணலை நான், ஆனா கூடம் நிறைஞ்சு போச்சு. அவங்க அப்பா வாசல் கதவுல சாய்ஞ்சு கையைக் கட்டிக்கிட்டு நின்னார். நான் ஓரமா பாயில உக்காந்தேன். அவ ஆரம்பிச்சா. மரம் மாதிரி நின்னாங்க, பூனை மாதிரி முதுகை வளைச்சாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசி ஆசனம் வரும்போது அவ நிறுத்திட்டா.

"உங்க அம்மா களை எடுத்துட்டு வீட்டுக்கு வந்து முதல் காரியமா என்ன செய்வாக?"ன்னு கேட்டா.

"படுப்பாக!"ன்னு மொத்தமாக் கத்துச்சுக.

"எப்படிப் படுப்பாக?"

அம்புட்டுத்தான் கேட்டா. அடுத்த நொடி தொப்பு தொப்புன்னு எல்லாம் விழுந்துச்சு. கையை அங்கிட்டுப் போட்டு, காலை இங்கிட்டுப் போட்டு, "அப்பாடா"ன்னு ஒரு பெருமூச்சு வேற விட்டுச்சுக. பதினாலு பேருக்கு நான் ரெண்டு சனிக்கிழமை மாஞ்சு மாஞ்சு சொல்லிக் கொடுத்தும் வராத தளர்ச்சி, இதுகளுக்கு ஒரே கேள்வியில வந்துருச்சு. இருபது வருஷத்துல அம்புட்டு அழகான சவாசனத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பேரை மனசுக்குள்ளகூட அப்ப நான் சொல்லலை.

நான் கதவைப் பார்த்தேன். அவர் முகம் கல்லு மாதிரி இருந்துச்சு. படுத்துக் கிடக்கிற பிள்ளைகளை வரிசையா, ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

நானா இருந்தா, "சரி, எல்லாரும் எந்திரிங்க"ன்னு சொல்லி முடிச்சிருப்பேன். அவ அப்படிச் செய்யலை. முதல் பிள்ளைக்குப் பக்கத்துல குனிஞ்சு, உள்ளங்காலைத் தொட்டு, அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. "வந்துட்டேன்க்கா"ன்னு அது எந்திரிச்சு உக்காந்துச்சு. அடுத்த பிள்ளை. "வந்துட்டேன்க்கா." இப்படியே ஒவ்வொருத்தரா, அவசரமே இல்லாம, பேரு சொல்லிச் சொல்லி எழுப்பினா. அவர் கட்டியிருந்த கையை எப்ப அவுத்தார்னு நான் கவனிக்கலை.

கடைசியா ஒரு சின்னக் குட்டி. ஒண்ணாப்புப் படிக்கும் போல. காலைத் தொட்டா, பேரைச் சொன்னா. எந்திரிக்கலை. மறுபடியும் கூப்பிட்டா. அசையலை. பிள்ளைகள்ல ஒருத்தன் கிக்கிக்குன்னு சிரிக்க ஆரம்பிச்சு, கதவுகிட்ட அவர் நிக்கிறதைப் பார்த்து நிறுத்திட்டான். அது தூங்கிருச்சுன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கூடத்துல ஒரு பயம் வந்து உக்காந்துருச்சு.

அவர் உள்ள வந்தார். பிள்ளைகளுக்கு நடுவுல கால் மிதிபடாம நடந்து வந்து, குந்தி உக்காந்து, அந்தக் குட்டியோட கன்னத்துல ரெண்டு விரலால தட்டினார். "ஏ ஆத்தா. எந்திரி. பொழுது போச்சு." அது கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்துச்சு. பிறகு ரெண்டு கையையும் தூக்கி, "தூக்கு"ன்னுச்சு. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார். அது மறுபடியும் அவர் கழுத்துல முகத்தை வச்சுத் தூங்கிருச்சு.

அப்படியே என் பக்கம் வந்து நின்னார். "டீச்சரம்மா, படுக்குறதுக்கு ஒரு பேரு எழுதியிருக்கீங்கள்ல. எந்திரிக்கிறதுக்கு என்ன பேரு எழுதியிருக்கீங்க?"

பையில இருந்து கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கே தெரியும், நான் எழுதினதுதானே. ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். சவாசனத்துக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை, அட்டைதான். "எழுதலைண்ணே"ன்னேன். வெக்கமா இருந்துச்சு.

அவர் தோள்ல இருந்த பிள்ளையைச் சரியாத் தூக்கிப் போட்டுக்கிட்டு, திரும்பினார். பாய் சுருட்டிக்கிட்டு இருந்த மகளைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு?"ன்னார்.

அவளுக்குச் சுருட்டின பாய் கையை விட்டு நழுவிருச்சு. "அஞ்சரைக்குப்பா."

"அஞ்சு மணிக்கே திறந்து விடுறேன். கூடம் பூராவும் தூசி. கூட்டிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வை"ன்னு சொல்லிட்டு, அந்தக் குட்டியை அது வீட்டுல விடப் போனார்.